வீட்டில் பரிமாற்ற மாணவர், கோடையில் கணவரின் மணிவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோட்டரி, ஏ.எஃப்.எஸ். போன்ற, மாணவர் பரிமாற்றத் திட்டம் நடத்தும் அமைப்புகளின் வழியாக வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் தங்கவைத்துப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில், மாணவர் இருக்கும் ஆண்டிலேயே கணவருக்கு அறுபது நிறைந்து, விழாவும் சித்திரை வைகாசி வெயிலில் வந்து சேர்ந்தால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று பல தோழிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சென்ற சித்திரையில், ஜெர்மனியிலிருந்து வந்த பதினாறு வயது மகள் எங்களோடு இருக்கும்போதுதான் என் கணவரின் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அந்த அனுபவத்தையும், மற்றக் குடும்பங்களிடம் கேட்டறிந்ததையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

விழா நடக்கும் மாதத்தில் மட்டும் மாணவரை வேறு குடும்பத்துக்கு அனுப்பிவிடுவது நல்லதா?

வேண்டாம். ரோட்டரியின் நீண்டகாலப் பரிமாற்றம் 10 முதல் 12 மாதங்கள் வரை நடக்கிறது; அந்தக் காலத்தில் மாணவர் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்குவது வழக்கம் என்பதால், "ஒரு மாதம் முன்னதாகவே அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடலாமே" என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால் அந்தப் பிள்ளை ஊர் விட்டு ஊர் வந்தது ஒரு குடும்பத்தின் உள்ளே இருந்து வாழ்க்கையைப் பார்ப்பதற்காகத்தான். வீட்டில் மிகப் பெரிய நிகழ்ச்சி நடக்கும்போது வெளியே அனுப்பினால், இத்தனை நாளும் "நீ எங்கள் பெண்", "நீ எங்கள் பையன்" என்று நாம் சொன்னதற்கு என்ன பொருள் என்று அது தனக்குள் கேட்டுக்கொள்ளும். வாய் திறந்து நம்மிடம் கேட்காது.

படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார், அல்லது வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, மாணவருக்கென்று ஒரு கட்டில் போடக்கூட இடமில்லை என்ற நிலை இருந்தால் அது வேறு. அப்போதும் மாணவரை உங்களிடம் ஒப்படைத்த சங்கத்தின் பொறுப்பாளரிடமும் மாணவரிடமும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, விழா நாளன்று அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

நாள் குறிக்கும்போது மாணவரின் கால அட்டவணையையும் பார்க்க வேண்டுமா?

நாளை நாம் விருப்பப்படி நகர்த்த முடியாது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே மறுபடி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரம் கூடும் நாளில் சஷ்டியப்தபூர்த்தி செய்வது மரபு. 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு பராபவ. 2026 ஏப்ரல் 14 அன்று பிறப்பதும் பராபவ. ஆகவே 1966 சித்திரை முதல் அடுத்த பங்குனி வரை பிறந்தவர்களுக்கு இந்தப் பராபவ ஆண்டில் மணிவிழா வருகிறது. ஆங்கிலத் தேதியும் நட்சத்திரமும் பெரும்பாலும் ஒன்றாக வராது. இதை மாணவரிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "அப்பாவின் பிறந்த நாள் அடுத்த வாரம்தானே, ஏன் இன்றைக்கு?" என்று குழம்புவார். எங்கள் வீட்டு மகள் இந்த அறுபதாண்டுக் கணக்கைக் கேட்டதும் தன் தாத்தாவின் பிறந்த ஆண்டுக்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்து, அவருக்கே எழுதி அனுப்பினாள்.

நாம் செய்யக்கூடியது, நாள் தெரிந்தவுடன் சங்கத்துக்குச் சொல்லிவைப்பது. ஜூலை ஆகஸ்ட்டில் வந்த மாணவருக்கு ஏப்ரல், மே மாதங்கள் பரிமாற்ற ஆண்டின் கடைசிக் கட்டம். மாணவர்களை ஒன்றாகச் சேர்த்து அழைத்துச் செல்லும் சுற்றுலா, பிரியாவிடைக் கூட்டம், ஊர் திரும்பும் விமானம் எல்லாம் அந்த மாதங்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மூன்று மாதங்களுக்கு முன்பே தேதியைச் சொன்னால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். சுற்றுலாவும் விழாவும் ஒரே நாளில் மோதிக்கொண்டால் முடிவை மாணவரிடம் விட்டுவிடுங்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு போகும் அந்தப் பயணத்துக்காக அவர் ஆண்டு முழுவதும் காத்திருந்திருக்கலாம். "நீ இல்லாமல் அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும்" என்று சொல்லி அவரைப் பிடித்துவைப்பது நியாயமன்று.

அரசு நடைமுறை எதையாவது புதிதாகச் செய்ய வேண்டுமா?

மாணவர் ஏற்கெனவே உங்கள் முகவரியில் பதிவாகியிருந்தால் விழாவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும், அது விடுதியாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்கும் படிவத்தை, பலரும் சி படிவம் என்று அறிந்ததை, இணையத்தில் பதிய வேண்டும். மாணவர் ஒரு குடும்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு மாறி வந்தபோது இது செய்யப்பட்டதா என்று பாருங்கள். இரண்டாவது, 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர், வந்த 14 நாட்களுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். மூன்றாவது, விழாவுக்காகத் திருக்கடையூருக்கோ குலதெய்வம் இருக்கும் ஊருக்கோ சென்று விடுதியில் தங்குவதாக இருந்தால், மாணவரின் அசல் கடவுச்சீட்டையும் விசாவையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டவர் ஒருவர் உடன் வருகிறார் என்று சொல்லிவிடுங்கள். சிறிய விடுதிகளில் சிலர் சி படிவ வேலைக்குத் தயங்கி, இரவில் போய் நிற்கும்போது "அவருக்கு அறை இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வெளியூரில் இரவு தங்குவதற்குச் சங்கத்தின் ஒப்புதலும், சில சமயம் மாணவரின் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். வாய்மொழியாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

உறவினர்கள் வந்து தங்கும்போது மாணவரின் அறையை என்ன செய்வது?

இந்த ஒன்றில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். கல்யாண வீட்டில் கூடத்தில் பாய் விரித்து, இருபது பேர் வரிசையாகப் படுப்பது நமக்குப் பழக்கம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பரிமாற்ற மாணவர் பெரும்பாலும் பதினெட்டு வயது நிரம்பாத, பெற்றோரைப் பிரிந்து நம் பொறுப்பில் இருக்கும் பிள்ளை. அவருக்குத் தனிப் படுக்கை இருக்க வேண்டும் என்பதும், அறையைப் பகிர்ந்துகொள்வதானால் அதே பாலினத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ அதே வயதுடைய பிள்ளையோடு மட்டுமே பகிரலாம் என்பதும் இந்தத் திட்டங்களின் அடிப்படை. நம் வீட்டில் நிலையாக வசிக்கும் பெரியவர்கள் எல்லோருடைய பின்னணியையும் விசாரித்த பிறகுதான் மாணவரை அனுப்புகிறார்கள். விருந்துக்கு வரும் உறவினர்களை யாரும் அப்படி விசாரிக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு ராத்திரிதானே, அந்தப் பெண்ணின் ஏசி அறையில் சித்தப்பாவைப் படுக்கச் சொல்லலாம்" என்று யாராவது தொடங்கினால், அங்கேயே, சிரித்த முகத்தோடு, முடியாது என்று சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். நான் மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். பிறகு வந்தவர்களிடமெல்லாம் அவரே பதில் சொல்லிவிட்டார். வீட்டில் மூத்தவர் வாயிலிருந்து வரும்போது யாருக்கும் மனத்தாங்கல் ஏற்படுவதில்லை.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். கூட்டம் தாங்க முடியாத நேரத்தில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க அவருக்கு அந்த அறை தேவைப்படும்.

கத்திரி வெயிலில் விழா. குளிர்நாட்டுப் பிள்ளை தாங்குமா?

மே 4 அளவில் தொடங்கி மாதக் கடைசிவரை நீளும் அக்கினி நட்சத்திர நாட்களில் விழா வந்தால், வெயிலைவிட ஹோமப் புகையும் பட்டுத் துணியும் கூட்டமும் சேர்ந்து உண்டாக்கும் புழுக்கம்தான் ஆபத்து. நம் பிள்ளைகள் தாகம் எடுத்தால் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடிப்பார்கள். இவர்கள் மந்திரம் சொல்லும்போது எழுந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே, "எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்" என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஹோம குண்டத்திலிருந்து தள்ளி, வாசல் காற்று வரும் பக்கமாக உட்காரவையுங்கள். உப்புப் போட்ட மோரும், எலுமிச்சைச் சாறும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நம் வீட்டுப் பையனோ பெண்ணோ ஒருவரை அவர் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் உடனே குளிர்ந்த அறைக்கு அழைத்துச் சென்று, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ வெப்பத்தாக்கு என்று கொண்டு, வாயில் எதுவும் ஊற்றாமல், உடலைத் தண்ணீரால் குளிர்வித்தபடியே 108-ஐ அழையுங்கள். மாணவரின் காப்பீட்டு விவரம் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். அன்று அலமாரிச் சாவியை யார் கொத்தில் தேடுவது?

முகூர்த்தத்தை அதிகாலையில் வைக்க முடிந்தால் வயதானவர்களுக்கும் அதுவே நல்லது.

திருக்கடையூரில் செய்ய விரும்புகிறோம். மாணவரைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்ல முடியுமா?

பலருக்கும் மனச்சங்கடம் தரும் கேள்வி இது. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலில், எமனை உதைத்து மார்க்கண்டேயனைக் காத்த தலம் என்ற நம்பிக்கையால், அறுபது, எழுபது, எண்பது நிறைந்தவர்கள் ஆண்டு முழுவதும் வந்து ஹோமமும் கலச அபிஷேகமும் செய்துகொள்கிறார்கள். அந்தச் சடங்குகள் நடப்பது கோயிலின் உள்ளே. தமிழ்நாட்டுக் கோயில்களில் இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக்கூடாது என்ற அறிவிப்பைப் பல இடங்களில் பார்க்கலாம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பழனிக் கோயில் தொடர்பான வழக்கில் அந்த அறிவிப்புப் பலகைகளை வைக்க உத்தரவிட்டது. தெய்வத்தின் மீது நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று உறுதிமொழி கொடுப்பவரை அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

நம்பிக்கை இல்லாத ஒரு பிள்ளையை, நம் வசதிக்காக, இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. "யாரும் கேட்கமாட்டார்கள், பொட்டு வைத்துக்கொண்டு வா" என்று கூட்டத்தோடு கூட்டமாக அழைத்துச் செல்வதையும் நான் ஏற்கவில்லை. யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், எல்லார் முன்னிலையிலும் வெளியே அனுப்பப்படுவது அந்தப் பிள்ளைதான். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அவர்கள் சொல்வதே முடிவு.

என் யோசனை, விழாவை வீட்டிலோ மண்டபத்திலோ வைத்துக்கொண்டு, வேறொரு நாள் கணவன் மனைவி இருவர் மட்டும் திருக்கடையூர் சென்று சாமியையும் அபிராமியையும் வணங்கி வருவது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். சாஸ்திரிகள் வீட்டுக்கு வந்தே கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், ஆயுஷ் ஹோமம் எல்லாம் செய்துவைப்பார். அங்கே யாரும் யாரையும் தடுக்கப் போவதில்லை. கோயிலில்தான் செய்ய வேண்டும் என்பது குடும்பத்தின் வேண்டுதலாக இருந்தால், சடங்கைக் கோயிலில் முடித்துவிட்டு, மாலை மாற்றுவதையும் பெரியவர்களிடம் ஆசி வாங்குவதையும் விருந்தையும் வெளியே ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கண்டேயன் கதையை மட்டும் அவருக்குச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று விதிக்கப்பட்ட பையனின் கதை, அதே வயதில் இருக்கும் பிள்ளையிடம் எவ்வளவு ஆழமாகப் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

விழாவில் அவருக்கு என்ன பங்கு கொடுப்பது?

வேலை கொடுங்கள். விருந்தாளியாக நாற்காலியில் உட்காரவைத்தால் அன்று முழுவதும் அவர் ஒரு காட்சிப்பொருளாகிவிடுவார். வருகிறவர்களெல்லாம் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். விழா நாயகர் ஓரமாக நிற்பார். அது இருவருக்குமே நல்லதன்று. வாசலில் பன்னீர் தெளிப்பது, சந்தனக் கிண்ணம் நீட்டுவது, தாம்பூலப் பை போடுவது, பந்தியில் தண்ணீர் ஊற்றுவது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வேலையோ அதுவே அவருக்கும். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும்போது, தான் இந்த வீட்டின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும்.

கலச நீர் ஊற்றும்போது அவரையும் அழையுங்கள். எங்கள் வீட்டில் தம்பதியின் தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்துக்கொள்ள, மூத்தவர்கள் முதலிலும் பிள்ளைகள் பிறகும் அதன் வழியே நீர் ஊற்றினார்கள். ஜெர்மன் மகளின் முறை வந்தபோது, எங்கள் மீது குளிர்ந்த நீர் படுமே என்று தயங்கி, சொம்பைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். என் மாமியார், "தாராளமா ஊத்து கண்ணு, அவனுக்கு ஆயுசு கூடட்டும்" என்று சொல்லி அவள் முழங்கையைத் தூக்கிவிட்டார். முழுச் சொம்பும் கவிழ்ந்தது. சித்திரை வெயிலில் அந்த நீர் எங்கள் இருவருக்கும் எவ்வளவு இதமாக இருந்தது! அன்று இரவு அவள் தன் வீட்டுக்குப் பேசும்போது முதலில் சொன்னது அதைத்தான்.

ஆனால் ஒன்று: பாத பூஜை போன்று பெற்ற பிள்ளைகளுக்கென்று உள்ள இடங்களில் அவர்களுக்கே முதலிடம். உங்கள் மகனோ மகளோ வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருப்பார்கள். "நாங்கள் இல்லாதபோது எங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்" என்ற எண்ணம் அவர்களுக்குள் எழாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமைதான். விழாவுக்குச் சில நாட்கள் முன்பே இரு தரப்பும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழக வாய்ப்பு ஏற்படுத்துங்கள்.

அவருடைய மதம் வேறு. விழுந்து வணங்கச் சொல்லலாமா? குங்குமம் வைக்கலாமா?

என்ன நடக்கும், எதற்காக நடக்கும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, எதில் சேர்ந்துகொள்ள விருப்பம், எதில் பார்த்துக்கொண்டு இருப்பது போதும் என்று தனியாகக் கேளுங்கள். பெரியவர்கள் காலில் விழுவது சில பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். சிலருக்கு மனம் ஒப்பாது. ஒப்பாதவர் கைகூப்பி வணங்கினால் போதும் என்று பெரியவர்களிடம் நீங்களே முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சபையில் நிற்கும்போது "விழு, விழு" என்று தோளை அழுத்துவது கூடாது.

மாணவியாக இருந்தால், மாதவிடாய் நாட்களில் சடங்கு நடக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். நான் அதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடிக்கும் வீடுகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் வீட்டுப் பெண் ஒருவர், பல நாட்கள் முன்பே, தனிமையில், மென்மையாகப் பேசிவிட வேண்டும். அன்று காலை எல்லார் எதிரிலும் கேட்பதோ, அவர் ஏன் வரவில்லை என்பதை உறவினர்களுக்கு விளக்குவதோ அந்தப் பெண்ணை அவமதிப்பதாகும்.

இலைச் சாப்பாடு?

ஒவ்வாமை இருக்கிறதா என்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்திரி, வேர்க்கடலை, பால், எள் ஆகியவை நம் விருந்தில் எதில் இருக்கின்றன என்பது பார்த்தால் தெரியாது. பாயசத்திலும் குருமாவிலும் முந்திரி அரைத்து விட்டிருப்பார்கள். சமையற்காரரிடம் நேரில் கேட்டு, எதைத் தொடக்கூடாது என்பதை மாணவருக்கும் பரிமாறுபவருக்கும் சொல்லுங்கள். மற்றபடி, ஏப்ரலுக்குள் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றிருப்பார். வேண்டாம் என்றால் இலைமேல் கையை நீட்டி மறைத்துக் காட்டலாம் என்று சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நம் உபசரிப்பில் அவர் திணறிவிடுவார்.

உறவினர்களின் கேள்விகளையும் புகைப்படங்களையும் எப்படிச் சமாளிப்பது?

"உங்க ஊர்ல எல்லாரும் டைவர்ஸ் பண்ணிடுவாங்களாமே", "எவ்வளவு வெள்ளையா இருக்கா பாரு", "உங்க அப்பா என்ன சம்பளம் வாங்குறார்" என்ற மூன்றும் எந்த விழாவிலும் தப்பாமல் வந்துவிடும். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் நிறத்தைப் பற்றிய பேச்சு அந்த மாணவரை மட்டுமன்றி, பக்கத்தில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களையும் புண்படுத்தும். ஆங்கிலம் நன்றாகப் பேசும், பேச்சைத் திருப்பத் தெரிந்த ஓர் அத்தையோ மாமாவோ அருகில் இருந்தால் பாதிச் சங்கடம் குறையும்.

படங்களைப் பொறுத்தவரை, குடும்பப் படத்தில் அவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் பெயரும் ஊரும் போட்டு அவர் படத்தை முகநூலிலோ வாட்ஸப் குழுக்களிலோ யாரும் பகிரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். ஒளிப்பதிவாளர்கள் வெளிநாட்டு முகத்தைக் கண்டால் அந்தப் பக்கமே கேமராவைத் திருப்பி வைத்துவிடுவார்கள் என்பதால், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது.

விழா முடிந்த இரவு ஆண்கள் சிலர் மது அருந்துவார்கள். மாணவர் இருக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான சட்டபூர்வ வயது 21. அவர் நாட்டில் பதினாறு வயதில் பீர் குடிக்கச் சட்டம் அனுமதித்தாலும் இங்கே அது பொருந்தாது. பரிமாற்றத் திட்டத்தின் விதியும் மதுவையும் வண்டி ஓட்டுவதையும் தடுக்கிறது. விதியை மீறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "ஒரு வாய்தானே" என்று ஊற்றிக் கொடுக்கும் மாமா அந்தப் பிள்ளையின் ஓராண்டைப் பாழாக்கிவிடலாம்.

மொய், பரிசு, புதுத்துணி, செலவு?

மொய் எழுத வேண்டியதில்லை. சங்கம் கொடுக்கும் சிறிய மாதாந்திரக் கைச்செலவுப் பணத்தில்தான் அவர் பரிசு வாங்க முடியும் என்பதால், தன் கையால் செய்த ஏதாவது போதும் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது அவருக்கும் அதே விலையில் துணி எடுங்கள். பட்டுப் பாவாடை தாவணி ஆசையாகக் கேட்பார்கள்; வெயிலுக்குப் பருத்தி நல்லது என்று சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் சடங்குக்குப் பட்டும் பிறகு பருத்தியும் என்று வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு வேட்டியோடு பெல்ட்டும் சேர்த்து வாங்குங்கள். மாணவரை ஏற்கும் குடும்பங்களுக்கு இந்தத் திட்டங்களில் பணம் தருவதில்லை. விழாச் செலவு எதையும் அவரிடமோ சங்கத்திடமோ கேட்கக்கூடாது.

அவருடைய பெற்றோர் விழாவுக்கு வர விரும்புகிறார்கள். அழைக்கலாமா?

சங்கத்தைக் கேட்டுவிட்டு அழைக்கலாம். ஆண்டின் இறுதியில் வருவதால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் உங்கள் வீட்டில் தங்கினால் அவர்களுக்கும் சி படிவம் உண்டு. அவர்களைச் சம்பந்தி வீட்டார் போல முன்வரிசையில் அமர்த்தி மரியாதை செய்யுங்கள். தம் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் ஓராண்டு விட்டுவைக்க எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பது எதிரே நின்று அவர்கள் கையைப் பிடிக்கும்போது நன்றாகவே புரியும்.

என் அறுபதாவது வயதும் வருகிறது. மனைவிக்கு ஏன் இப்படி ஒன்றும் இல்லை என்று மாணவி கேட்கிறாள்!

சரியாகவே கேட்கிறாள். மணிவிழா கணவரின் வயதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதில் மனைவியும் மணையில் உட்காருகிறார், சில குடும்பங்களில் புதுத் தாலியும் கட்டிக்கொள்கிறார், ஆனால் அவருக்கே ஐம்பதோ அறுபதோ நிறையும் நாள் பெரும்பாலும் மற்ற நாட்களைப் போலவே, அதே சமையலறையில், காலைக் காப்பியோடு கடந்துபோய்விடுகிறது. இதை மாற்றச் சடங்கு எதுவும் தேவையில்லை. கணவரும் பிள்ளைகளும் மாணவரும் சேர்ந்து அன்று அடுப்படியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். மாணவர் தம் நாட்டுக் கேக் செய்ய ஆசைப்படுவார். ஓவன் இல்லையென்றால் குக்கரில் மணல் அல்லது உப்புப் பரப்பிச் செய்யலாம். மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒருவரின் ஐம்பதாவது, அறுபதாவது பிறந்த நாளைத் திட்டமிட்டுக் கொண்டாடுவது நன்கு பழகிய வேலை. அந்த ஒருநாள் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள் என்று உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விழாவின் நடுவே மாணவர் அழுதுவிட்டார். என்ன செய்வது?

தனியாக விடவும் வேண்டாம், சுற்றி நின்று கேள்வி கேட்கவும் வேண்டாம். ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாகக் கூடியிருப்பதைப் பார்க்கும்போது தன் தாத்தா பாட்டி நினைவு வருவது இயல்பு. ஊர் திரும்பும் நாள் நெருங்குவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். அறைக்கு அழைத்துச் சென்று, விருப்பப்பட்டால் பெற்றோரிடம் பேசவையுங்கள். அழுகை நிற்காமல் சில நாட்கள் நீடித்தாலோ, விழாவில் யாரேனும் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக ஒரு சொல் சொன்னாலோ, "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று உறவுக்காக வாதாடாமல், முழுவதையும் கேட்டு, அன்றே சங்கத்தின் மாணவர் ஆலோசகரிடம் தெரிவிக்க வேண்டும். ஹோஸ்ட் குடும்பத்தைச் சேராத ஒருவரை ஆலோசகராக நியமிப்பதே, மாணவர் நம்மைத் தாண்டியும் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மறுநாள்?

தூங்கவிடுங்கள். பிறகு பந்தல் பிரிக்கவும், பாத்திரம் எண்ணி வாடகைக் கடைக்கு அனுப்பவும், மிஞ்சிய லட்டுகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவரையும் கூப்பிடுங்கள்.